கடைசி அரைச் சுற்று

ஜூன் 2, திங்கள்

புது வருஷத்துக்கு ஆயில் கம்பெனி கொடுத்த டைரி, ஐந்து மாதமாகக் கல்லா மேஜையின் கால் ஆடாமல் பார்த்துக்கொண்டது. இன்று அதை உருவி எடுத்துத் தூசி தட்டினேன். எழுதி வைக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

கோயமுத்தூரிலிருந்து கம்பெனி அதிகாரி பிரணவ் வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்காருகிற ஆள். வெள்ளகோவில், மூலனூர், முத்தூர் மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே விநியோகஸ்தர் போடப்போகிறார்களாம். இருபத்தாறு வருஷமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் இந்த ராக்கியப்பனை விட்டால் யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் சார். ஆனா ஒரு இலவச முகாம் நடத்தணும், குறைஞ்சது அறுபது பைக்குக்கு ஆயில் மாத்தணும். மாசக் கடைசி வரைக்கும் ஒரு புகார்கூட வரக் கூடாது" என்றார்.

நான் லாரி கிளீனராக ஆரம்பித்தவன். எனக்கு உண்மை எழுதுவதில் கூச்சமில்லை. கடையில் 'ஒரிஜினல்' என்று தொங்கும் கிளட்ச் ஒயரில் பாதி எந்த ஊர் ஒரிஜினல் என்று எனக்கே தெரியாது. கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

நஞ்சுண்டனிடம் முகாம் விஷயத்தைச் சொன்னேன். பதினான்கு வருஷமாக என் கடை முகப்பில் மெக்கானிக் வேலை செய்கிறான். கூரை என்னுடையது, கை அவனுடையது. விநியோகம் கிடைத்தால் கம்பெனியே சர்வீஸ் சென்டர் போட்டுத் தரும், அதற்கு நீதான் பொறுப்பு என்றேன். "ஆகட்டுங்க மொதலாளி" என்று ஸ்பேனரைத் துடைத்தான். இவனுக்குச் சந்தோஷப்படவும் தெரியாது.

ஜூன் 8, ஞாயிறு

முகாம் முடிந்தது. அறுபத்து நான்கு வண்டிகள். பந்தல், மைக், நீர்மோர்.

ஆயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். திரும்ப மாட்டிப் புது ஆயில் ஊற்ற வேண்டியதுதான். ஆனால் வியாபாரம் என்றால் ஜனங்கள் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். அதனால் பேனரில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'கடைசி அரைச் சுற்று முதலாளி கையால்.'

நஞ்சுண்டன் சின்ன ஸ்பேனரில் போல்ட்டை இறுக்கிவிட்டு நகர்வான். நான் பெரிய ஸ்பேனரில் ஒரு அடி பைப்பைச் செருகி, வண்டிக்காரர் கண் முன்னாலேயே கடைசி அரைச் சுற்று கொடுப்பேன். போட்டோ எடுப்பார்கள். அடுத்த வண்டி.

லாரியில் இருந்தபோது சக்கர நட்டை இப்படித்தான், பைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று இறுக்குவோம். இறுகாத நட்டு ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கை என் கை. இன்றும் ஒவ்வொரு போல்ட்டும் கடைசியில் விரலுக்கு அடியில் லேசாக இளகி, பிறகு உட்கார்ந்தது. அந்த இளக்கம் வந்தால்தான் எனக்குத் திருப்தி.

ஐந்தாவது வண்டியிலேயே நஞ்சுண்டன் முனக ஆரம்பித்தான்.

"மொதலாளி, போதுமுங்க. நான் வச்ச எடத்துலயே நிக்குமுங்க."

"நிக்கும்னு நீ சொல்ற. நிக்குதான்னு நான் பாக்கறேன்."

"அடிப்பக்கம் பூராம் அலுமினியமுங்க. லாரி வீலு மாதிரி இல்லீங்க."

"ஏப்பா, மைக்கு ஆன்ல இருக்குது. உன்ற படிப்பெல்லாம் ஊருக்குக் கேக்குது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் பிரணவை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். நாங்கள் திரும்புவதற்குள் நஞ்சுண்டன் தனியாக ஒன்பது வண்டி முடித்து அனுப்பிவிட்டான். என் கை படாமல் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. பணம் கொடுத்துப் போட்டோக்காரனை வைத்தது எதற்கு?

ஜூன் 9, திங்கள்

வலது தோள்பட்டையில் வலி. ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்கவில்லையென்று என் மனைவி நாகரத்தினம் அதைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள். பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். நேற்று இரவு மூடி வைத்தது யார் என்று அவரும் கேட்டாராம். வீட்டு விவகாரத்தை வெளியே பேசுவது இவளுக்கு வழக்கமாகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

தபால்காரர் மாரப்பன் வந்தார். வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதாம். எந்தெந்த வீட்டு வாசலில் நின்றாரோ அங்கெல்லாம் ஒரு கறுப்பு வட்டம். யார் யாருக்குக் கடிதம் வந்தது என்று தெருவுக்கே தெரிந்துபோகிறது என்று வருத்தப்பட்டார். போல்ட்டில் இன்னொரு கால் சுற்று கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

மாரப்பன் திரும்ப வந்தார். இப்போது சொட்டவில்லை. ஒழுகுகிறது.

ஜூன் 14, சனி

பதினொரு வண்டிகள். காரணங்களை யோசித்து வரிசையாக எழுதினேன். ஒன்று, முத்தூர் ரோட்டில் போட்டிருக்கும் வேகத்தடைகள். இரண்டு, இந்த வருஷத்து வெயில். மூன்று, இந்தக் காலத்து வண்டிகளின் தரம். நான்காவதாக எழுத ஒன்றும் கிடைக்கவில்லை.

நடந்தது நடந்துவிட்டது, கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது வியாபாரம் இல்லை. செம்பு வாஷர் விற்றேன். வாஷருக்கு அடங்காதவர்களுக்குப் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப் விற்றேன். அதற்கும் அடங்காதவர்களுக்கு, ஒழுகிய அளவுக்கு ஊற்றிக்கொள்ள அரை லிட்டர் ஆயில் பாக்கெட். பாக்கெட்டுதான் அதிகம் போனது. திருப்பூரிலிருந்து இரண்டு பெட்டி கூடுதலாக வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வாஷரும் டேப்பும் எடுபடவில்லை. மாரப்பன் வண்டியை நஞ்சுண்டன் தள்ளிக்கொண்டு வர, நானும் கூடப் போய் மூலனூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் கலாமணியிடம் காட்டினேன். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தப் பட்டறையை இந்தப் பெண்தான் நடத்துகிறது. வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம்.

போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போல்ட்டின் பள்ளங்களில் வெள்ளையாக, சுருள் சுருளாக அலுமினியம் சுற்றிக்கொண்டிருந்தது. போல்ட்டைப் பிடித்துக்கொள்ள எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய மரை பூராவும் போல்ட்டோடு வெளியே வந்திருந்தது.

"ஏனுங்ணா, இது தேஞ்சு போனது இல்லீங்க. உருவுனது. போல்ட்டு இரும்பு, உள்ள அலுமினியம். எச்சா இறுக்குனா இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. மெதுவா இருக்கறதுதான் கிழிஞ்சு போகும்."

"ரோட்டுல வேகத்தடை ஜாஸ்தி" என்றேன்.

"வேகத்தடை ஸ்பேனரு புடிக்குமுங்களா?"

நஞ்சுண்டன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

வேலை செய்ததைப் பார்த்தேன். கிழிந்த மரையைத் துளை போட்டு எடுத்துவிட்டாள். துகள் உள்ளே விழாமல் மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவி, மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, முன்னே ஒரு சுற்று பின்னே அரைச் சுற்று என்று கையாலேயே பெரிதாகப் புது மரை வெட்டினாள். அதற்குள் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய எஃகுக் கம்பியைத் திருகி இறக்கினாள். கம்பியின் உள்பக்கம் பழைய அளவு மரையாகவே நின்றது. பழைய போல்ட்டை விரலாலேயே சுற்றினாள், போய் உட்கார்ந்தது.

"இனி புதுசை விட எச்சாத் தாங்குமுங்க. ஆனா யாரு இறுக்கறாங்கங்கறது இருக்குதுல்லங்க" என்றாள்.

பெண்களிடம் வாதாடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

முகாம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அறுபத்து நான்கில் ஐம்பத்தைந்து ஒழுகுகிறது. ஒன்பது மட்டும் ஒழுகவில்லை. ஒழுகாதவை வரிசை எண் இருபத்தெட்டிலிருந்து முப்பத்தாறு வரை, ஒன்றுகூட விடாமல். நான் சாப்பிடப் போயிருந்த நேரம்.

நெடுநேரம் யோசித்தேன். விஷயம் விளங்கிவிட்டது. முதலாளி இல்லாத நேரத்தில் நஞ்சுண்டன் பொறுப்போடு வேலை செய்திருக்கிறான். நான் பக்கத்தில் நின்றபோது, எப்படியும் முதலாளி பார்த்துக்கொள்வார் என்று அலட்சியமாக இருந்திருக்கிறான். வேலைக்காரர்களின் குணம் இது.

நாகரத்தினத்திடம் சொன்னேன். அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒம்போதுல உங்க கை படலையாக்கும்" என்றாள்.

"அதத்தான் சொல்றேன்."

"நானும் அதத்தானுங்க சொல்றேன்."

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் இது ஆறாவது வாஷர். எழுந்துபோய் நன்றாக இறுக்கி மூடினேன். இப்போது வரும் ரப்பரில் சத்தே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

பிரணவ் போனில் பேசினார். இருபத்தாறாம் தேதி வருகிறாராம். முகாம் எப்படிப் போனது என்று கேட்டார். அமோகம் என்றேன்.

மூன்று ஊர் விநியோகம். என் கிளீனர் வாழ்க்கையில் நான் ஆயில் டின்னைத் தலையணையாக வைத்துப் படுத்தவன், இன்று அந்த டின் என் பெயரில் வந்து இறங்கப்போகிறது. ஐம்பத்தைந்து பேரில் ஒருவன் கோயமுத்தூருக்குப் போன் போட்டால் போதும், எல்லாம் முடிந்தது. அவர்கள் சொல்வதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும். முதலில் சொல்கிறவன் சாட்சி, பின்னால் சொல்கிறவன் குற்றவாளி. போலீஸ் ஸ்டேஷனில் கற்ற பாடம்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். 'முகாமில் பணிபுரிந்த மெக்கானிக் நஞ்சுண்டன் என்பவரின் கவனக்குறைவால் சில வண்டிகளில் போல்ட் மரை சேதமடைந்துள்ளது என்பதையும், எனது நேரடி மேற்பார்வை இருந்தும் இது நேர்ந்துவிட்டது என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படியாரை சர்வீஸ் சென்டர் பொறுப்புக்குப் பரிந்துரைக்க இயலாத நிலையில் உள்ளேன்.' நல்ல தமிழ். நான்கு முறை படித்துப் பார்த்தேன்.

சாயங்காலம் நஞ்சுண்டன் கேட்டான்: "மொதலாளி, சர்வீஸ் சென்டருக்குன்னு என்ற மூத்த புள்ளையோட பேருல ஒரு டூல் செட்டு சொல்லி வச்சிருக்கறனுங்க. இருவத்தாறு வரைக்கும் பொறுக்கலாங்களா, இல்ல இப்பவே எடுத்துரட்டுங்களா?"

சித்தெ பொறு என்றேன்.

ஜூன் 21, சனி

கடிதத்தை மாரப்பனிடம் கையிலேயே கொடுத்தேன். வண்டி இப்போது ஒழுகவில்லை என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் கொள்ளுப் பருப்பு. உப்பு கூடுதல்.

ஜூன் 23, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. நஞ்சுண்டன் தன் செலவிலேயே மீதி வண்டிகளை ஒவ்வொன்றாகக் கலாமணியிடம் தள்ளிக்கொண்டு போய்ச் சரிசெய்துகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் சொல்லவில்லை. அவனாகச் செய்தால் நான் என்ன செய்ய முடியும். ஒரு பார்வையில் பார்த்தால் அது குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரிதானே.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சுருக்கமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை.

பிரணவ் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். உள்ளே பளபளவென்று ஒரு ரெஞ்ச். இத்தனை இறுக்கம் போதும் என்று அதில் அளவு வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்குமாம். சத்தம் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். "சர்வீஸ் சென்டருக்குக் கம்பெனி கிஃப்ட் சார். ரெண்டு பேரும் செஞ்சு காட்டினீங்கன்னா போட்டோ எடுத்து அனுப்பிடறேன்" என்றார். மேஜைமேல் காட்சிக்கு ஒரு புது எஞ்சினும் வைத்தார்.

முதலில் நஞ்சுண்டன். ரெஞ்ச்சை இரண்டு விரலில் பிடித்தான். டக். கையை எடுத்துவிட்டான். ஒரு வேலை செய்த மாதிரியே இல்லை. இதைப் போட்டோ எடுத்து யாருக்குக் காட்டுவது?

பிறகு நான். டக் என்றது. உலகத்திலுள்ள எந்த ஸ்பேனரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கடை வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சும்மா, ஒரு பாதுகாப்புக்காக, இன்னும் ஒரு அரைச் சுற்று கொடுத்தேன்.

விரலுக்கு அடியில் இளகியது.

அந்த இளக்கத்தை என் கை அறியும். முகாமில் ஐம்பத்தைந்து முறை அறிந்தது. போல்ட் உட்காருகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன், கை வேறு எதையோ நினைத்திருக்கலாம். பிரணவ் போல்ட்டை விரலால் தொட்டார். அது கழன்று, வெள்ளைச் சுருளோடு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நஞ்சுண்டன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பிரணவ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார். "அது கிடக்குது சார், டெமோ எஞ்சின்தானே. நல்ல விஷயம் சொல்லவே இல்லையே. இந்த மூணு வாரத்துல உங்க ஊர் ஆயில் விற்பனை மூணு மடங்கு. மண்டலத்துலயே முதலிடம். மேலிடத்துல எல்லாரும் உங்க முகாம் பத்தித்தான் பேசறாங்க. மத்த ஊர்லயும் இதே மாதிரி நடத்தலாம்னு யோசனை."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐம்பத்தைந்து வண்டி மூன்று வாரம் ரோட்டில் ஊற்றிய ஆயில்.

"விநியோகம் உங்களுக்குத்தான் சார். ஒரே ஒரு சிக்கல். புகார் வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தோம் இல்லையா? ஒரு புகார் வந்திருக்குது. அத எழுதினது நீங்க." பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். "இத வாபஸ் வாங்கிட்டதா ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலு சுத்தமாயிடும்."

"என்ன புகாருங்க?" என்றான் நஞ்சுண்டன். பிரணவ் வெளியூர்க்காரர், அவன்தான் நஞ்சுண்டன் என்று தெரியாமல் கையை நீட்டியவனிடம் கொடுத்துவிட்டார்.

அவன் மெதுவாகப் படிக்கிறவன். 'மேற்படியாரை' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றான். படித்து முடித்து, மடிப்பு மாறாமல் மடித்து, மேஜைமேல் வைத்தான். மண்ணெண்ணெயில் கை கழுவினான். தன் ஸ்பேனர்களைச் சாக்கில் போட்டான். எண்ணிப்பார்த்து, எனக்குச் சொந்தமான ஒன்றைத் திரும்ப ஆணியில் மாட்டினான்.

"வர்றனுங்க" என்றான். 'மொதலாளி' என்று சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டாம் தாள்வரை பதிந்துவிட்டது.

ஜூன் 28, சனி

திறப்பு விழாவுக்கு மெக்கானிக் வேண்டும். ஊரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்தில் இடுப்பு வலி. நஞ்சுண்டன் கலாமணி பட்டறையில் சேர்ந்துவிட்டானாம். 'இங்கு மரை புதுப்பித்துத் தரப்படும்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்களாம்.

நாகரத்தினம் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வீட்டில் எல்லாப் பாட்டில் மூடியும் தளர்வாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

விநியோக மையம் திறப்பு. பெரிய பந்தல், நாதஸ்வரம், பிரணவின் மேலதிகாரி வேறு. ஐந்நூறு பேருக்குக் கேசரி செய்தோம், தீர்ந்துவிட்டது.

நிகழ்ச்சி நிரலில், 'முதல் வண்டிக்கு விநியோகஸ்தர் கையால் கடைசி அரைச் சுற்று' என்று அச்சடித்திருந்தார்கள். பிரணவ் மைக்கில் அழைத்தார். "யாராச்சும் வண்டியக் கொண்டு வாங்க, ஆயில் இலவசம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. சுற்றிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பைக்கும் இல்லை. அத்தனை பேரும் வண்டிகளைப் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வந்து கேசரி சாப்பிட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் மாரப்பன் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டார்.

பிரணவ் திரும்பத் திரும்ப அழைத்தார். கடைசியில் என் வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். போட்டோக்காரன் தயாரானான். மேலதிகாரி என் தோளில் கை வைத்துக்கொண்டார். இந்த முறை நிறுத்திவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். கை நினைக்கவில்லை. இளகியது. போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விருந்தாளிகள் போனதும், கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை மூலனூர் ரோட்டுக்குத் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருந்தது. ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் வாயை அடக்கி இன்றுதான் பார்க்கிறேன்.

நஞ்சுண்டன் குனிந்து பார்த்தான். நோட்டை எடுத்தான். இங்கே எந்த வண்டி வந்தாலும் மரை எப்படிப் போனது என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் துளை போடுவார்களாம். துருப் பிடித்துப் போயிருந்தால் ஒரு மாதிரி, இறுக்கிப் போயிருந்தால் வேறு மாதிரி.

"எப்புடிப் போச்சுங்க?"

"இறுக்குனதுலதான்."

"யாரு இறுக்குனதுங்க?"

பேனாவை நோட்டின்மேல் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் காத்திருந்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கலாம். வேறு வண்டி வாங்க எனக்கு வழியில்லாமல் இல்லை.

"நான்தான்" என்றேன்.

"இந்த வண்டிங்களா?"

பின்னால் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் முகாமுக்கு வந்தவர்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேனா, குரல் தானாக அப்படி வந்ததா, தெரியவில்லை.

"அம்பத்தஞ்சு வண்டியும். உன்ற மேல எழுதுனதும் பொய்யி."

அவன் எழுதிக்கொண்டான். எவ்வளவு எழுதினான் என்று எட்டிப் பார்க்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, வண்டியை வரிசையில் கடைசியாக நிறுத்தினான்.

"உங்களுக்கு முன்னாடி ஏழு பேரு இருக்கறாங்க. சாயந்தரம் ஆயிருமுங்க" என்றான். "நெழல்ல உக்காருங்க மொதலாளி."